சரிவுக்கு அந்தப் பக்கம் இருவர்

"என்னம்மா, இங்க வந்து உட்கார்ந்துட்டீங்க?" என்று பதறினார் ஆவுடையப்பன்.

தவமணி அம்மா மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அடுப்புக்குக் கல் தேடினார்.

குரு தவமணி அம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் ஆவுடையப்பனுக்கு அறுபத்தொன்று. திருநெல்வேலிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, இமயமலைக் குடிலுக்கு வந்து சேர்ந்தவர். பிரம்பை ஊரில் விட்டுவிட்டு வந்தாரே தவிர, அவசரத்தையும் பிடிவாதத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

எதிரே பனிச்சரிவு. அதைக் குறுக்காகக் கடந்து ஒரு மணி நேரம் நடந்தால் கிராமம். அங்கே ஆவுடையப்பனின் தம்பி கோமதிநாயகம் வந்திருந்தார். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி. 'வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். அதற்குள் வந்தால் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தார்.

இன்று வியாழன். உச்சிவெயில்.

"விடிஞ்சதும் இதைத் தாண்டியிருக்கணும்" என்றார் அம்மா.

"நூற்றெட்டு முடிக்காம எப்படிம்மா கிளம்புறது?"

ஜபத்தில் ஒன்று குறையவும் விடமாட்டார் ஆவுடையப்பன். இன்று நடுவில் எண்ணிக்கை தவறிப்போக, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார். மூட்டையோடு வாசலில் நின்ற குருவை அவர் கவனிக்கவே இல்லை.

அம்மா கைத்தடியைப் பனியில் ஊன்றினார். பிடிவரைக்கும் உள்ளே போனது.

"காலையில இது பாறை. குதிரையே நடக்கும். வெயில் ஏறினா கூழ்."

மேலே ஒரு பாறையடியில் பனி தானாகக் கழன்றது. உருண்டு, பருத்து, அவர்கள் கண்ணெதிரே கீழே போனது.

"கடவுள் பார்த்துக்குவார்ம்மா."

"பார்த்துக்கட்டும். நாம டீ குடிப்போம்."

ஆட்டுக்காரர்கள் இருவர் வந்தார்கள். அம்மா கைகாட்டி மறித்தும் சிரித்துக்கொண்டே சரிவில் இறங்கினார்கள். அக்கரை சேர்ந்து கையசைத்தார்கள்.

"பார்த்தீங்களா? போயிட்டாங்க!"

"போயிட்டாங்க. நல்லவேளை."

ஆவுடையப்பன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "என் தம்பிம்மா..."

"தெரியுது. உட்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். மனசு உட்காரவில்லை.

பொழுது சாய்ந்தது. சரிவு அசையவே இல்லை.

"ஒண்ணும் விழலையே. போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தெரியாது."

"தெரியாமலா என்னை நிறுத்தினீங்க?"

"தெரியாததாலதான்."

ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பளியை இழுத்துப் போர்த்தினார். கோபம்.

இருட்டில் சரிவில் கால்வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. வெளுத்ததும் எழுந்து பார்த்தார். சீடர் மூட்டையைக் கட்டிவைத்துவிட்டுத் தயாராக நின்றார். ஜபமாலை மூட்டைக்குள் இருந்தது.

பனி இறுகியிருந்தது. அம்மா முதலில் தனியாகக் கடந்தார். அக்கரையில் நின்று கைகாட்டிய பிறகுதான் ஆவுடையப்பன் இறங்கினார்.

கிராமத்தை அடைந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. நிறுத்தத்தில், தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார் தம்பி.

"கோமதி! எனக்காகவா இருந்தே?"

"பொய் சொல்ல மாட்டேண்ணே. உனக்காக இல்ல."

ஆவுடையப்பன் மூட்டையை இறக்கி வைத்தார்.

"நேத்து சரிவுக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தது இங்கருந்தே தெரிஞ்சுது. அதுல ஒருத்தர் நீயா இருக்கும்னு நினைக்கவே இல்ல. நீயா இருந்தா யார் தடுத்தாலும் இறங்கியிருப்பே."

"அப்புறம் எதுக்குடா பஸ்ஸை விட்டே?"

"பஸ் கிளம்புற நேரம் பார்த்து அந்த ரெண்டு பேர்ல ஒரு ஆள் சரிவுல இறங்கிட்டாங்க. யாரோ எவரோ. அவங்க நல்லபடியா வந்து சேர்றதைப் பார்க்காம எப்படிண்ணே கிளம்புறது?"