மிளகாய்க்குக் கட்டிய பாடை

ஏரிமங்கலத்து ராஜா வீரபூபதிக்கு அரண்மனை மாடியில் மிளகாய் வளர்ப்பதில் அப்படி ஒரு பித்து. ஒரு வரிசைத் தொட்டிகளில் கார மிளகாய், மறு வரிசையில் இனிப்பு மிளகாய். இரண்டு காயும் பச்சையாய், நீளமாய், அக்கா தங்கை போலிருக்கும். தினமும் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றி, "என் பிள்ளைகளா" என்று கொஞ்சுவார். வெயில் போதவில்லையென்று தொட்டிகளை அவரே இடம் மாற்றியும் வைப்பார்.

ஒருநாள் மாற்றியதை மறந்துவிட்டார். இனிப்பு என்று நினைத்து, தானே ஒரு காயைப் பறித்துவந்து, சபையில் உட்கார்ந்து கடித்தார். கண்ணீர் கொட்டியது.

ராஜா சபையில் கண்ணீர் விட்டால் அரண்மனையில் சாவு என்று கொள்வது அந்த ஊர் வழக்கம். சங்கு ஊதிவிட்டார்கள். கடைகள் சாத்தப்பட்டன. பூக்காரிகள் மாரடித்து அழுதார்கள். செத்தது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. துக்கம் எந்த ஊரிலும் காரணத்துக்காகக் காத்திருப்பதில்லை.

ராஜாவால் பேச முடியவில்லை. மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

திவான் ரங்கராயர் எழுந்தார். "ஊதின சங்கைத் திரும்ப வாங்க முடியாது. அரண்மனையில் ஒருவர் செத்தாக வேண்டும். தோட்டக்காரி செங்கமலத்தைத் தூக்கில் போட்டுவிடலாம்."

"ஐயா, நான் அந்தக் காயைத் தொடவே இல்லை" என்றாள் செங்கமலம்.

"அதெல்லாம் விசாரணையில் சொல்லு."

"விசாரணை எப்போங்க?"

"தூக்கில் போட்ட பிறகு."

ராஜாவின் ஆலோசகர் வேதாசலம் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "பிணம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, ராயரே. இன்னொன்று எதற்கு?"

"எங்கே இருக்கிறது?"

"ராஜாவின் கையில்."

கையில் மிளகாய்க் காம்பு இருந்தது.

"மிளகாய்க்கா துக்கம்? அது என்ன ராஜ வம்சமா?"

"தினமும் பிள்ளை என்று கொஞ்சியவரையே கேளுங்கள். பிள்ளை இல்லையென்றால், காரம் தாங்காமல் ராஜா அழுதார் என்று நாளைக்குச் சந்தையில் பேசுவார்கள்."

ராஜா சொம்பைக் கீழே வைத்தார். "பிள்ளைதான்" என்றார். மறுபடி சொம்பை எடுத்துக்கொண்டார்.

செங்கமலம் பிழைத்தாள். காம்புக்குப் பாடை கட்டினார்கள். நான்கு பேர் அதை முக்கி முனகித் தூக்கினார்கள்.

"ராஜா வீட்டுப் பிள்ளை இறந்தால் திவான் மொட்டை போடுவது மரபு" என்றார் வேதாசலம். நாவிதர் வந்து உட்கார்ந்தார்.

திவான் குடுமியைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவி, ஒரு மிளகாய்க்காக என் குடுமியைக் கேட்கிறாயே."

"நீங்கள் அதே மிளகாய்க்காக ஒருத்தியின் தலையைக் கேட்டீர்கள். நான் முடியோடு நிறுத்திக்கொண்டேன்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி வேதாசலத்தின் கழுத்தில் போட்டார். பிறகு சட்டென்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தார். பெற்ற தகப்பன் அல்லவா.