பதினோரு சம்மதங்கள்

அமெரிக்காவின் நட்டநடுவில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம் தவிர வேறொன்றும் கண்ணில் படாத சமவெளியில் ஒரு மடம் இருந்தது. முன்பு அது கார் கழுவும் கூடம். ராட்சசத் தூரிகைகள் இரண்டும் இன்னும் அப்படியே தொங்கின. அந்த ஊர்க் காற்று இருக்கிறதே, மேற்கே ஒரு வீட்டுக் கொடியில் காயும் சட்டையைக் கிழக்கே இருபது மைலில் நிற்பவனுக்கு மாட்டிவிட்டு, பொத்தானும் போட்டுவிட்டுப் போகும். நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

மடத்தின் தலைவி பெரியநாயகி அம்மையாருக்கு வயது நாற்பத்து மூன்று. காவி உடுத்துவதற்கு முன் பதினான்கு வருஷம் அந்நாட்டு நீதிமன்றங்களில் உட்கார்ந்து, அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் விடாமல் தட்டெழுதியவர். அதனாலோ என்னவோ, தாமாக அதிகம் பேசமாட்டார்.

சீடர் தில்லைவாணனுக்கு அறுபத்தொன்று. ஒன்பது வயதில் தென்காசிப் பக்கத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். ஷெரீப் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் துப்பாக்கியும் நட்சத்திர வில்லையுமாகத் திரிந்து ஓய்வு பெற்றவர். கடைசி ஏழு வருஷம் போலீஸ் நாயோடு ரோந்து. இப்போது மடத்தில் தரை துடைக்கிறார், சாம்பார் வைக்கிறார். சாம்பாரைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. இடுப்பில் இன்னும் துப்பாக்கி இருப்பது போலவே அவர் பரிமாறுவார்.

அவருக்கு ஒரே ஆசை, காவி வாங்க வேண்டும். வைகாசி விசாகத்தன்று தருவதாக அம்மையாரும் சொல்லியிருந்தார். ஆனால் அந்த மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. துறவு கேட்பவர், தன்மேல் பிடி உள்ள அத்தனை பேரிடமும் நேரில் போய்ச் சம்மதம் வாங்கி வர வேண்டும். ஒரே ஒருவர் விட்டுப்போனாலும் காவி கிடையாது.

விசாகத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் பட்டியலோடு வந்து நின்றார். பதினோரு பெயர்.

“மனைவி?”

“குடுத்துட்டா தாயே. ‘தாராளமா போங்க, டிவி ரிமோட்டாவது என் கைக்கு வரும்’னா.”

“மகன்?”

“‘காவியில ஒரு போட்டோ அனுப்புங்கப்பா’ன்னான்.”

“பதினொன்றாவதாக டியூக் என்று இருக்கிறதே, யார்?”

“என் நாய் தாயே. ரிட்டயர் ஆகி ஒரு பண்ணையில இருக்கு. ஏழு வருஷம் ஒரே வண்டியில சுத்தினோம், கேக்காம விட முடியுமா? பக்கத்துல உக்காந்து விஷயத்தைச் சொன்னேன். கையை நக்கிச்சு.”

அம்மையார் சிரித்தார். தில்லைவாணனும் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும் முன்பே அம்மையார் நிறுத்தியிருந்தார்.

“நாயிடம் கேட்டீர்கள். நாய் கடித்தவரிடம்?”

மடத்தில் சேர்ந்த புதிதில் தில்லைவாணனே ஒரே ஒருமுறை சொன்ன விஷயம் அது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. க்ளைட் மேபின் என்றொரு கறுப்பர், வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். ஆளில்லாத ஒரு வீட்டுக்கு வெளிப்பூச்சு அடித்துவிட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி ‘திருடன்’ என்று போன் போட்டாள். தில்லைவாணன் நாயோடு போய் இறங்கினார். மேபின் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். தில்லைவாணன் நாயின் வாரை அவிழ்த்துவிட்டார். வலது கெண்டைக்காலைப் பிடித்த நாய் நாற்பது விநாடி விடவில்லை. அதன்பிறகு மேபின் ஏணி ஏறவில்லை.

“அது முடிஞ்ச கதை தாயே. கோர்ட்டே தீர்ப்பு சொல்லிடுச்சு.”

“என்ன சொன்னது?”

அவருக்கு அது மனப்பாடம். கந்த சஷ்டி கவசத்தில்கூட நடுவே ஓரிரு வரி தடுக்கும், இது தடுக்காது.

“முந்தி ஒரு கேஸ்ல, குப்புறப் படுத்துக் கிடந்தவன்மேல நாயை விட்டது தப்புன்னு தீர்ப்பு இருக்கு. ஆனா இவர் படுக்கலை, மண்டி போட்டிருந்தார். மண்டி போட்டவர்மேல விடறது தப்புன்னு இந்த அதிகாரிக்கு இதுவரைக்கும் எந்தத் தீர்ப்பும் தெளிவா சொல்லலை. அதனால அவர் பொறுப்பில்லை.”

“சரி, மண்டியிட்டவர்மேல் விடுவது தப்பா, இல்லையா?”

“அதைச் சொல்லவேண்டிய அவசியம் இந்தக் கேஸ்ல இல்லைன்னு விட்டுட்டாங்க.”

அம்மையார் தரையில் சரியாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவரையும் உட்காரச் சொன்னார்.

“ஒரு ராஜ்யம் இருந்தது. ஓடிப்போகிற அடிமைகளைத் துரத்திப் பிடிக்கத்தான் அங்கே காவலர்கள் முதன்முதலில் குதிரை ஏறினார்கள். பிறகு அடிமைகள் இல்லையென்று ஆயிற்று. குதிரையிலிருந்து இறங்க இவர்களுக்கு மனம் வரவில்லை.”

“எங்க டிபார்ட்மென்ட்டைச் சொல்றீங்களா?”

“நான் கதை சொல்கிறேன். ஒருநாள் ஒரு காவலன், கூடை முடைகிற ஒருவனுடைய இடது கையை ஒடித்துவிட்டான். கூடைக்காரன் ராஜாவிடம் போனான். ராஜா நியாயஸ்தர். ‘பழைய ஓலைகளைப் பாருங்கள்’ என்றார். மந்திரி தேடி எடுத்தார். வலது கையை ஒடிப்பது தப்பு என்று ஓலை இருந்தது. இடது கைக்கு இல்லை.”

“காவலனை விட்டுட்டாங்களா?”

“தெரியாமல் செய்தவனை எப்படித் தண்டிப்பது? விட்டுவிட்டார்கள். கூடைக்காரன் கேட்டான்: ‘மகாராஜா, இடது கைக்கும் இன்றைக்கே ஓர் ஓலை எழுதிவிடுங்களேன்.’ ‘வழக்குத்தான் முடிந்துவிட்டதே, எதற்கு ஓர் ஓலையை வீணாக்க வேண்டும்?’ என்றார் ராஜா. மறுவருஷம் அவன் மைத்துனனுக்கு இடது கை போயிற்று. ஓலையைத் தேடினார்கள். இல்லை. இருபது வருஷத்தில் அந்தத் தெருவில் ஒருவனுக்கும் இடது கை இல்லை. ஒற்றைக் கையால் முடைந்த கூடைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றன. வெளியூர்க்காரர்கள் அதைப் புது மோஸ்தர் என்று நினைத்துப் போட்டிபோட்டு வாங்கிப் போனார்கள்.”

தில்லைவாணனுக்குச் சிரிப்பு வந்தது.

“காவலர்கள்?”

“ஒருவர்கூட வலது கையைத் தொடவில்லை. சட்டத்தை மதிக்கிறவர்கள்.”

தில்லைவாணன் எழுந்து போய்ப் பட்டியலில் பன்னிரண்டு என்று எண் போட்டார். பெயரை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேபின் வீடு தொண்ணூறு மைல். அன்றைக்கே கிளம்பினார். வழிநெடுக இங்கிலீஷில் என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். வாசல் புல்தரையில் கால் வைத்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. தென்காசியில் அவருடைய அப்பா முருகன் சந்நிதியில் செய்வது மாதிரி, மண்டியிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். மன்னிப்புக் கேட்க அவருடைய உடம்புக்குத் தெரிந்தது அந்த ஒரு முறைதான்.

கதவு திறந்தது. மேபின் கைத்தடியை ஊன்றியபடி நின்றார். ஆளை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது.

“எழுந்திரு.”

“என்னை மன்னிக்கணும், மிஸ்டர் மேபின்...”

“முதல்ல எழுந்திருய்யா. எவளாவது ஜன்னல் வழியா பாத்துட்டு போன் போடப்போறா. இந்த நாட்டுல கையைத் தூக்கிக்கிட்டு மண்டி போட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது.”

தில்லைவாணன் எழுந்தார். முழங்காலில் ஈரம். காவி, மடத்து வழக்கம், சம்மதம், விசாகம் எல்லாவற்றையும் தத்தித் தத்திச் சொன்னார்.

“ஆக, நான் சரின்னு சொன்னா நீ சாமியார் ஆயிடுவ.”

“ஆமா.”

“சொல்லலேன்னா?”

“ஆக முடியாது.”

மேபின் சிரித்தார். கேட்பதற்கு நன்றாக இல்லாத சிரிப்பு. “ஒரு போலீஸ்காரன் என்கிட்ட அனுமதி கேட்டு வாசல்ல நிக்கிறான். எங்கம்மா இதைப் பாக்காமயே போயிட்டா.”

தடியை மாற்றி ஊன்றிக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லிட்டா சரின்னு சொல்லிடறேன். வாரை அவுத்தியே, அப்ப நான் எழுந்து உன்மேல பாய்வேன்னு நிஜமாவே நெனச்சியா?”

தில்லைவாணன் வாயைத் திறந்தார். அந்தப் புல்தரையில், அந்த வெயிலில், பதில் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. வந்த பதிலை விழுங்கிவிட்டு, இருபத்தெட்டு வருஷப் பழக்கம் தானாகப் பேசிற்று.

“தீர்ப்புல என்ன சொல்லியிருக்காங்கன்னா...”

மேபின் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை. உள்ளே நிதானமாகத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

தில்லைவாணன் மடத்துக்குத் திரும்பியும் எட்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. தரையைத் துடைத்தார். துடைத்த தரையையே மறுபடியும் துடைத்தார். விசாகத்துக்கு முதல் நாள் காலையில், வருகிறவர்களுக்காக மற்ற சீடர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, அம்மையார் எதிரில் வந்து நின்றார்.

“பன்னிரண்டாவது ஆள் சம்மதிக்கலை தாயே.”

“மறுத்துவிட்டாரா?”

“மறுக்கவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டார். நான் தீர்ப்பை எடுத்துச் சொன்னேன். கதவைச் சாத்திட்டார்.”

“என்ன கேள்வி?”

சொன்னார். அம்மையார் கேட்டுக்கொண்டார்.

“இத்தனை நடந்திருக்கு. இண்டர்னல் விசாரணை நடந்தது, மூணு வக்கீல், ரெண்டு கோர்ட், எவ்வளவோ காகிதம். அங்க ஒருத்தர்கூட என்னை இதைக் கேக்கலை தாயே. அது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிருக்க முடியுமான்னுதான் அவங்களுக்குள்ளேயே பேசிக்கிட்டாங்க. என்னைக் கேக்கவே இல்லை.”

“பதினான்கு வருஷம் தட்டெழுதினேன். அந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் தட்டியதில்லை.”

தோரணம் கட்டுகிறவர்கள் ஏணியை இந்தப் பக்கம் நகர்த்தினார்கள். தில்லைவாணன் ஒதுங்கி வழிவிட்டார்.

“நான் தப்பான பதிலைச் சொல்லிட்டேன். சரியான பதில் என்ன தாயே? நீங்க சொல்லிக் குடுங்க, இப்பவே வண்டியை எடுத்துக்கிட்டுப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். நாளைக்கு விசாகம்.”

அம்மையார் அவரிடமிருந்த பட்டியலை வாங்கி, மடித்து, திரும்ப அவர் கையிலேயே வைத்தார்.

“அன்றைக்கு அந்தக் கொல்லையில் நான் இல்லை. இருந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் கேட்டுவிட்டார்.”