மாடி அறை கேட்டவர்

“கேளு, கேளு, கேளு… கேட்டவர் எடுத்துக்கோ.”

எலுமிச்சை மண்டியில் ஏலம் போடுகிறவரின் குரல் அது. கல்லூரியில் பாடம் நடத்த இந்த ஊருக்கு வந்த புதிதில், காலை எட்டே காலுக்கு நாள்தோறும் மண்டியைக் கடந்து போவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் கேட்கும். மூன்றாவது ‘கேளு’வில் மெல்ல இறங்கி, ‘எடுத்துக்கோ’வில் கிணற்றில் கல் விழுந்தாற்போல முடியும். ஆளைப் பார்த்ததில்லை.

அவர் பெயர் சங்கிலிமுத்து என்று முப்பது ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அவரிடம் அந்தக் குரல் இல்லை.

*

எங்கள் குரு செண்பகவல்லி அம்மாள் நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். என்னைவிட இருபத்து மூன்று வயது இளையவர். முன்பு தபால் பிரிக்கும் வேலையில் இருந்தாராம். ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் போவோம். மனத்தில் இருப்பதைக் கேட்போம். சில நாள் பதில் சொல்வார். பல நாள் காய் நறுக்கச் சொல்வார்.

நகராட்சி ஆணையர் பூவராகனும் வருவார். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. வீட்டைப் பூட்டினோமா என்று யோசித்துக்கொண்டே வந்தவர்போல எப்போதும் முகத்தில் ஒரு கவலை இருக்கும். ஒரு சனிக்கிழமை அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

“அம்மா, எனக்கு ஒரு விதி வேணும்.”

“எதுக்கு?”

“நகர மண்டபத்துக்கு. கீழே கூடம், மாடியில ஒரு சின்ன அறை. எல்லாருக்கும் வாடகை இல்லாம வேணுமாம். எல்லாருக்கும் விட்டுட்டா விளக்கு எரிய வைக்க முடியாது. யாருக்கும் விடலைன்னா, அது ஊர்ப் பணத்துல கட்டின இடம். எப்போ விடணும், எப்போ கூடாது?”

“இப்போ எப்படிச் செய்யறீங்க?”

ஆணையர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முறை அவரே ஏற்படுத்தியது. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

“முன்னாடியெல்லாம் சிபாரிசுக் கடிதம் வரும். அவர் சொன்னார், இவர் சொன்னார்னு கத்தை கத்தையா வரும். நான் வந்ததும் காகிதமே வாங்கக் கூடாதுன்னுட்டேன். திங்கட்கிழமை காலையில கேட்கிறவங்களே நேர்ல வரணும். மண்டபத்து மேடையில ஏறி, மைக் முன்னாடி நின்னு, எதுக்கு வேணும்னு சொல்லணும். ஆளுக்கு மூணு நிமிஷம், கட்சித் தலைவரா இருந்தாலும் சரி, காய்கறிக்காரரா இருந்தாலும் சரி. காரணம் நியாயமா இருந்தா அங்கேயே கையெழுத்து.”

“நல்லா இருக்கே.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா மனசு ஒப்பலே. அதான் கேட்கிறேன்.”

“போன திங்கக்கிழமை யாருக்குக் கிடைச்சது?”

ஆணையர் என்னைப் பார்த்தார்.

“எங்களுக்குத்தான்” என்றேன். “வாசகர் வட்டத்துக்கு. மாசம் ஒரு ஞாயிறு.”

“டீச்சர் பிரமாதமாப் பேசினாங்க” என்றார் ஆணையர்.

உண்மைதான், நன்றாகப் பேசினேன். மணி அடிக்க ஐந்து விநாடி இருக்கும்போது முடித்தேன். பேசிப் பேசியே பிழைத்தவள்.

“வேற யாருக்கு?”

“பட்டிமன்றக் குழு. சிரிப்பரங்கம். அப்புறம் மேடைப் பேச்சுப் பயிற்சி ஒண்ணு.”

“யாருக்குக் கிடைக்கலே?”

ஆணையர் யோசித்தார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

“எனக்கு அடுத்து ஒருத்தர் வந்தாரும்மா. மாடி அறை வேணுமாம். மைக் முன்னாடி நின்னார். மூணு நிமிஷமும் ஒரு வார்த்தை பேசலே. வாயைத் திறக்கிறார், மூடுறார். எழுத்தர் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தார். மைக் நல்லாத்தான் இருந்தது. மேடைப் பயம்போல.”

“அப்புறம்?”

“மணி அடிச்சது. ஒரு கும்பிடு போட்டுட்டு இறங்கிட்டார்.”

“கழுத்துல என்ன இருந்தது?”

“துண்டு.”

“வெயில் இருந்ததா?”

“மண்டபத்துக்குள்ளேயா?”

அம்மாள் அவரைக்காய் இருந்த முறத்தை என் பக்கம் தள்ளினார்.

“நார் உரிங்க டீச்சர்.”

“என் கேள்வி?” என்றார் ஆணையர்.

“திங்கக்கிழமை நானும் வரேன். எனக்கும் அந்த மாடி அறை வேணும்.”

*

திங்கட்கிழமை மண்டபத்தில் முப்பது பேர் இருந்தோம். ஆணையர் முதல் வரிசையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எழுத்தர் பெயரைக் கூப்பிட்டார்.

“செண்பகவல்லி. மாடி அறை. தினம் ஒரு மணி நேரம்.”

அம்மாள் மேடையேறினார். மைக் முன்னால் நின்றார். பேசவில்லை.

முதல் நிமிடத்தில் யாரோ இருமினார்கள். இரண்டாவது நிமிடத்தில் நாற்காலிகள் முனகின. பின்வரிசையில் ஒருவர், “மறுபடியும் மைக் போச்சாப்பா? இதுக்கும் ஒரு மனு கொடுக்கணும்போல” என்றார். சிரிப்பு எழுந்தது. எழுத்தர் ஓடி வந்து மைக்கைத் தட்டினார். “ஹலோ, ஹலோ” என்றார். கூடம் முழுக்க ஹலோ கேட்டது.

மூன்றாவது நிமிடம் மிக நீளமாக இருந்தது. அம்மாள் ஆணையரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மணி அடித்தது.

ஆணையர் புன்னகையோடு பேனாவைத் திறந்தார். “அம்மாவுக்குக் கொடுத்துடலாம்” என்று எழுத்தரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அம்மாள் மேடையிலிருந்து இறங்கி மேசை முன்னால் வந்து நின்றார்.

“எதுக்குக் கொடுத்தீங்க?”

“தியானத்துக்குத்தானேம்மா? வீட்டுல இடம் பத்தலே…”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“நீங்க சொல்லணுமா? உங்களை எனக்குத் தெரியாதா?”

“போன வாரம் ஒருத்தர் அங்கேதான் நின்னார். நான் பேசினதைவிட அவர் ஒண்ணும் குறைச்சலாப் பேசலே.”

ஆணையர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். எதிரில் அம்மாளின் பெயர் எழுதிய காகிதம் கையெழுத்தோடு கிடந்தது.

“அவரை எனக்குத் தெரியாது” என்றார் மெல்ல.

“எனக்கும் தெரியாது. நேத்து விசாரிச்சேன். வாங்க, பக்கம்தான்.”

“இப்பவா? இன்னும் நாலு பேர் பேசணும்.”

“அவங்களால பேச முடியும். கொஞ்சம் காத்திருப்பாங்க.”

*

பேருந்து நிலையத்தை ஒட்டி நகராட்சிப் பூங்கா. அம்மாள் முன்னால் போனார். ஆணையரும் நானும் பின்னால் போனோம். எழுத்தர் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசியாக வந்தார்.

வேப்பமரத்தடியில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், ஐந்து ஆண்களும் ஒரு பெண்ணும். எல்லார் கழுத்திலும் துண்டோ கைக்குட்டையோ சுற்றியிருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் வாயால் காற்றை விழுங்கி, ஏப்பம்போல ஓர் ஓசை எழுப்பினார்கள். மற்ற ஐந்து பேரும் காதில் கை வைத்துக் குனிந்து கேட்டார்கள்.

ஆணையரைக் கண்டதும் பூங்காக் காவலர் ஓடி வந்தார்.

“நல்லவேளை சார், நீங்களே வந்துட்டீங்க. இதுங்களை விரட்டி விரட்டிப் பார்த்துட்டேன். காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்து உட்கார்ந்து ஏப்பம் விடுதுங்க. பொம்பளை வேற. குடும்பத்தோட வர்றவங்க எல்லாம் புகார் சொல்றாங்க.”

போன திங்கட்கிழமை மேடையில் நின்றவர் எழுந்தார். ஆணையருக்கும் காவலருக்கும் கும்பிடு போட்டார். பிறகு துண்டை எடுத்தார்.

தொண்டைக்குழியில் காசளவு ஓட்டை. அதன்மேல் மெல்லிய துணி. மூச்சு விடும்போது அந்தத் துணி அசைந்தது.

காவலர் தொப்பியைக் கழற்றினார்.

“இவர் சங்கிலிமுத்து” என்றார் அம்மாள். “எலுமிச்சை மண்டியில ஏலம் போட்டவர். புற்றுநோய்னு குரல்வளையை எடுத்துட்டாங்க. இவங்க ஆறு பேருக்குமே அப்படித்தான்.”

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சங்கிலிமுத்துவிடம் ஒரு சிலேட்டு இருந்தது. எழுதி ஆணையரிடம் நீட்டினார். ஆணையர் உரக்கப் படித்தார்.

“காற்றை விழுங்கிப் பேசலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். தினம் பழகினால்தான் வரும்.”

துடைத்துவிட்டு மறுபடி எழுதினார்.

“எட்டுப் பேர் இருந்தோம். இரண்டு பேர் வெட்கப்பட்டு நின்றுவிட்டார்கள்.”

அந்தப் பெண் சிலேட்டை வாங்கி எழுதினாள்.

“இங்கே எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்பதில்லை. எது சரி, எது தப்பு என்று தெரியவில்லை. இந்த வாரத்தோடு நானும் நிற்கிறேன்.”

சங்கிலிமுத்து அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்பதா, என்ன செய்வது என்பதா, எனக்குத் தெரியவில்லை.

“இதை அன்னிக்கே எழுதிக் காட்டியிருக்கலாமே?” என்றார் ஆணையர்.

சங்கிலிமுத்து சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. அதை ஆணையரிடம் கொடுக்காமல் எழுத்தரைப் பார்த்தார்.

எழுத்தர் கோப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நீட்டினார் சார். பேப்பர் எல்லாம் வாங்கறதில்லே, மேலே ஏறிப் பேசுங்கன்னு நான்தான் சொன்னேன். சார்தான் யார்கிட்டேயும் வாங்கக் கூடாதுன்னு…”

“ஆமா” என்றார் ஆணையர். “நான்தான் சொன்னேன்.”

காகிதத்தை அவரே கை நீட்டி வாங்கிக்கொண்டார். படித்தார். நின்றபடியே நெடுநேரம் படித்தார். ஐந்து வரிதான் இருந்தது.

“அம்மா, இவங்களுக்கு விடறேன். இன்னிக்கே சாவி கொடுக்கிறேன். ஆனா நாளைக்கு வேற ஒருத்தர் வருவார். நாளன்னிக்கு வேற ஒருத்தர். எனக்குத் தெரியாதவங்க. அவங்களுக்கு நான் என்ன விதி எழுதி வைக்கிறது?”

“முதல்ல உட்காருங்க.”

ஆணையர் வெறும் தரையில், வட்டத்துக்குள், சங்கிலிமுத்துவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே உட்கார்ந்தார். சங்கிலிமுத்துவும் உட்கார்ந்தார். அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. சிலேட்டைக் கீழே வைத்தார். காற்றை விழுங்கினார். கழுத்து நரம்புகள் எழுந்தன. வாய் அசைந்தது.

பேருந்து ஒன்று ஒலிப்பானை அழுத்திக்கொண்டே பின்னால் வந்தது. நடத்துநர் விசில் ஊதினார். சங்கிலிமுத்து அது போகும்வரை பொறுத்தார். மறுபடி விழுங்கினார். மறுபடி சொன்னார். இன்னொரு பேருந்து புறப்பட்டது.

ஆணையர் அவர் வாயருகே காதைக் கொண்டுபோனார். மூன்றாம் தடவையும் சங்கிலிமுத்து சொன்னார். நெற்றியெல்லாம் வியர்வை.

ஆணையர் தலை நிமிர்ந்து அம்மாளைப் பார்த்தார்.

“என்ன சொல்றார்?”

“எனக்கும் கேட்கலே. அதுக்குத்தான் அறை கேட்கிறார்.”

*

சங்கிலிமுத்து அந்த மாடி அறையில் நான்கு ஆண்டுகள், பதினொரு பேருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். ஐந்தாம் ஆண்டு மாசி மாதம் இறந்தார்.