கிணற்றடியில் கழுவிய வண்டி

"இந்த வண்டிக்கு நான் என்னம்மா குறை வச்சேன்?"

தவசிமுத்து கையில் ஓர் இரும்புத் துண்டோடு மடத்து வாசலில் நின்றார். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் அது. காலையில் உப்பளத்துப் பாதையில் வண்டி ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் தானாக விழுந்துவிட்டது. கழன்று விழுந்தது என்று சொல்ல முடியாது. துருப்பிடித்து, இற்றுப்போய், ஒடிந்திருந்தது.

மடத்தம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தாரே தவிர, கையை நிறுத்தவில்லை.

"பின்னால யாரும் உக்காந்திருந்தாங்களா?"

"யாரு உக்காருவா? நாலு மாசமா ஒத்தையிலதான போய் வாரேன்."

"அப்போ யாருக்கும் அடியில்ல. உக்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

மடத்தம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். தவசிமுத்துவைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். காவி கிடையாது, கழுத்தில் உருத்திராட்சம் கிடையாது. உப்புக் கம்பெனி மூட்டை அடுக்கிவைத்திருந்து கைவிட்ட பழைய கிட்டங்கி ஒன்றில் வந்து தங்கினார். தேடி வந்து உட்கார்ந்தவர்கள் அதை மடம் என்றார்கள், இவரை மடத்தம்மா என்றார்கள். கேட்ட கேள்விக்கு அவர் நேராகப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால் வந்தவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தவசிமுத்து மட்டும் விடாமல் வந்தார். அதற்கு இரண்டு காரணம். வெளியில் சொல்லிக்கொள்வது ஞானம். இன்னொன்று மடத்துக் கிணறு.

அவருக்கு உப்புக் கம்பெனி எடைமேடையில் வேலை. தினமும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தக் கிணற்றடியில் வண்டியை நிறுத்தி, இறைத்து இறைத்து ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் போவார். வீட்டுக் குழாயில் வருவது குடிக்கவே காணாது. அதில் வண்டி கழுவினால் தெருவே சண்டைக்கு வரும்.

"உப்புக் காத்துல ஓடுற வண்டின்னு எனக்குத் தெரியாதா? அதனாலதான தினம் கழுவுதேன். மழை பெஞ்சாலும் கழுவுதேன். காய்ச்சலோட வந்துகூடக் கழுவிட்டுப் போயிருக்கேன். ஆயுத பூசை வந்தா வெள்ளிப் பெயிண்டு அடிக்கேன், சந்தனம் வைக்கேன், மாலை போடுதேன். என்கூட வேலை பாக்குறவன் வண்டியில காக்கா எச்சம் காஞ்சு கெடக்கு. அவன் அதத் தொடக்கூட மாட்டான். ஆனா அதுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு மட்டும் ஏம்மா இப்படி?"

"வண்டிய மட்டுந்தான் சொல்லுதீங்களா?"

தவசிமுத்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

அவர் மனைவி பிரம்மசக்தி நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு திருச்செந்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அவளையும் நான் ஒரு சொல் சொன்னதில்லம்மா. எங்க அப்பா விஷயத்துல அவ செஞ்சதுக்கு வேற ஒருத்தனா இருந்தா வீட்ட விட்டே தள்ளியிருப்பான். நான் மன்னிச்சேன். ஒரு நாள் மன்னிச்சிட்டு விட்டுறல. ஒவ்வொரு நாளும் மன்னிச்சேன்."

அது உண்மைதான். பொய் சொல்லுகிற ஆள் இல்லை தவசிமுத்து.

நடந்தது இவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன்பு, கம்பெனியில் இரவும் பகலுமாகத் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டு ஒரு மதியம் வந்து படுத்தார். அப்போது ஊரிலிருந்து ஃபோன் வந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மகனைக் கேட்கிறார் என்றார்கள். பிரம்மசக்தி அறைக்குள் வந்து பார்த்தாள். வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடித்துப்போட்டாற்போல் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அப்பா போய்விட்டார்.

காடாற்றுச் சடங்கு முடிந்த அன்றே தவசிமுத்து அவளை மன்னித்துவிட்டார். மற்றவர்கள் பல் தேய்ப்பதைப் போல அதற்குப் பிறகு தினமும் மன்னித்தார். குழம்பு நன்றாக இருந்தால், "நல்லாயிருக்கு. அப்பா விஷயத்த நான் மனசுல வச்சிக்கல, நீ நிம்மதியா சாப்பிடு" என்பார். வீட்டில் ஃபோன் அடித்தால், "எடு, எடு. பயப்படாத. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்பார். சொந்தக்காரர் கல்யாணங்களிலும், "இவ மேல தப்பே இல்ல, நான் அன்னைக்கே விட்டுட்டேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்வார். அப்படிச் சொல்லும்போது அவருக்கே தன்னை நினைத்துக் கண் கலங்கும்.

"இப்போ என்ன செய்யணும்?" என்று மடத்தம்மா கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கா. மக மூலமாச் சொல்லி விட்டா. 'வரச் சொல்லு, முகத்தப் பாத்துட்டு முடிவு பண்ணுதேன்'னு சொன்னாளாம்." தவசிமுத்துவின் குரல் இறங்கியது. "இந்த ஒரு தடவதாம்மா. இதுல வரலன்னா இனி வரமாட்டா. அவளுக்குக் கால் வைக்கிறதுக்கு இது இல்ல பாருங்க."

அவர் ஒடிந்த இரும்பைத் தூக்கிக் காட்டினார். கைக்குள் அது பொடிந்து உதிர்ந்தது.

மடத்தம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"எப்பவும் கழுவுற மாதிரி வண்டியக் கழுவுங்க. பாக்குதேன்."

தவசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. வாளி வாளியாக இறைத்து ஊற்றினார். டேங்கை, மட்கார்டை, சங்கிலிக்குப் போட்ட தகரத்தை, சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது.

கடைசி வாளியில் மடத்தம்மா ஒரு டம்ளர் மொண்டார்.

"குடிங்க."

"இது குடிக்கிற தண்ணி இல்லம்மா."

"குடிங்க அண்ணாச்சி."

ஒரு வாய் குடித்தவர் அப்படியே துப்பினார். உப்புக் கரித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, "உப்புக் கிணறுன்னு ஊருக்கே தெரியுமே" என்றார்.

மடத்தம்மா டம்ளரில் மிச்சமிருந்ததைப் பின்சக்கரத்து மட்கார்டின் மேல் மெதுவாக ஊற்றினார். பிறகு பெருவிரலால் அந்த இடத்தை லேசாக அழுத்தினார். வெள்ளிப் பெயிண்டு மடங்கியது. விரல் உள்ளே போய்விட்டது.

தவசிமுத்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"இத்தன வருஷமா பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். போன ஐப்பசியில சொன்னேன்."

"எங்கிட்டயா?"

"'நான் தினம் கழுவுதேம்மா, நீங்க கவலப்படாதீங்க'ன்னு எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போனீங்க."

மடத்தம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு தவசிமுத்து கிணற்றுப் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் உட்கார்ந்தார். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அடித்த பெயிண்டு பாளம் பாளமாக வந்தது. ஒவ்வொரு பாளத்துக்கு அடியிலும் துரு இருந்தது. துருவைச் சுரண்டினால் சில இடங்களில் இரும்பு இருந்தது, சில இடங்களில் அதுவும் இல்லை.

இருந்த இடத்தையெல்லாம் துடைத்து எண்ணெய் தடவினார். குடிதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுத்தார். தெருவில் யாரும் சண்டைக்கு வரவில்லை. அரை டம்ளர்கூடச் செலவாகியிருக்காது.

மெக்கானிக் சேவியர் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"வெல்டிங் வைக்கணும்னாலும் பிடிக்கதுக்குக் கொஞ்சம் இரும்பு வேணும்ல அண்ணாச்சி?"

"தேடிப் பாரு. எங்கயாவது இருக்கும்."

அவன் தட்டித் தட்டிப் பார்த்தான். சட்டத்தில் ஓரிடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்டது. அந்த இடத்தில் புது ஃபுட்ரெஸ்ட்டைப் பற்றவைத்துக் கொடுத்தான். தவசிமுத்து அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். கொஞ்சமும் அசையவில்லை. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பத்து வயது குறைந்தவரைப் போல வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீட்டு வாசலில் வண்டி நின்றது.

பிரம்மசக்தி வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். பெயிண்டு போய், அங்கங்கே ஓட்டையும் எண்ணெய்ப் பிசுக்குமாக அது நின்றது.

"பெயிண்டு அடிக்கலையா?"

"இல்ல. அடியில எப்படி இருக்குன்னு பாத்துட்டேன். இனி அடிக்க மாட்டேன்."

அவள் மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை வேறு மாதிரிப் பார்த்தாள்.

"இருங்க. வாரேன்" என்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பை இருந்தது. அதே பை.

தவசிமுத்து பையை வாங்கி முன்னால் டேங்கின் மேல் வைத்துக் கட்டினார். அவசரத்தில் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அவர் வண்டியில் உட்கார்ந்தார். அவள் அவர் தோளில் கை வைத்தாள். புது ஃபுட்ரெஸ்ட்டில் காலை ஊன்றினாள்.

வீட்டுக்குள் ஃபோன் அடித்தது.

தோளில் இருந்த கை சட்டென்று இறுகியதைத் தவசிமுத்து உணர்ந்தார். ஐயோ பாவம் என்று இருந்தது. அவள் மேல் அன்று அவருக்கு அத்தனை பிரியம். அந்தப் பிரியத்தோடு, தலையைத் திருப்பி, மெல்லச் சொன்னார்:

"பயப்படாத பிரம்மசக்தி. அப்பா விஷயத்த நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

கை தோளிலிருந்து விலகியது. கால் கீழே இறங்கியது.

அவள் முன்னால் வந்து பையின் முடிச்சை அவிழ்த்தாள். கோபமாக அவிழ்க்கவில்லை. நிதானமாக, கயிற்றைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அன்னைக்கே என்னைய நாலு ஏச்சு ஏசியிருக்கலாம் நீங்க" என்றாள். "நானும் அழுது தீத்திருப்பேன்."

உள்ளே போய் அவளே ஃபோனை எடுத்தாள். "சொல்லுங்க" என்ற அவள் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. மகள் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தவசிமுத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் உப்பளப் பாதையில் எல்லாப் பள்ளத்திலும் வண்டி இறங்கி ஏறியது. எதுவும் விழவில்லை.

மடத்தம்மா கிட்டங்கிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வண்டியின் பின்சீட்டைப் பார்த்தார்.

"நல்ல வார்த்ததானம்மா சொன்னேன்." தவசிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வயதில், அந்த வெயிலில், நின்றபடியே அழுதார். "மனசாரத்தான சொன்னேன். ஒரு கெட்ட எண்ணம் இல்லாம, சுத்தமா, தெளிவாத்தான சொன்னேன். அதுல என்னம்மா இருக்கு?"

மடத்தம்மா எழுந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் வாளியை உள்ளே இறக்கினார்.

"வேண்டாம்மா" என்றார் தவசிமுத்து.