காற்றில் கைகழுவிய பள்ளிக்கூடம்

முன்னொரு காலத்தில், காக்காய்க்கும் குருவிக்கும்கூட ராசா உட்கார்ந்து வழக்குக் கேட்ட காலத்தில், கருங்குவளை நாட்டை அதிரவேந்தர் என்றொரு ராசா ஆண்டுவந்தார். மூக்கு நீளம், கோபம் அதைவிட நீளம். யார் எதைச் சொன்னாலும், "எனக்குப் பட்டால்தான் நம்புவேன்" என்பார்.

அவருடைய மந்திரி ஏகம்பன், கெஞ்சிக் கூத்தாடி மேட்டுப்பாறை கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டவைத்திருந்தார். மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறும் உண்டு. அதற்காக ராசா மந்திரியை மெச்சினாரோ இல்லையோ, அன்றோடு வாசனை அதிகாரி கஸ்தூரிராயருக்குத் தூக்கம் போயிற்று. ராசாவுக்குப் பன்னீர் வடித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம்.

ஒருநாள் சபையில் ராயர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"மகாராஜா, மேட்டுப்பாறைப் பிள்ளைகளின் நகத்துக்குள் நெல்லே விதைக்கலாம். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. கைகழுவத் தெரியாத கூட்டத்துக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடா? அந்த இடத்தைக் கொடுங்கள், பக்கத்திலிருக்கும் என் ரோஜாத் தோட்டத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்."

"நாளைக்கே போய்ப் பார்ப்போம். அழுக்கென்றால் பூட்டு! ஏகம்பா, நீயும் வா" என்றார் ராசா.

மந்திரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ராயரின் வாய் கெட்ட வாய்தான். ஆனால் பிள்ளைகளின் நகம் நிசமாகவே கறுப்பாயிருந்தால்?

கறுப்பாகத்தான் இருந்தது. வரிசையாக நீட்டிய கைகளைப் பார்த்து ராசா இரண்டடி பின்வாங்கினார்.

"கையை எப்போது கழுவணும், தெரியுமா?" என்று உறுமினார்.

முன்வரிசையிலிருந்த பூவாத்தா என்ற சிறுமி மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "சாப்பிடறதுக்கு முன்னாலைங்க, ஒதுங்கிட்டு வந்த பின்னாலைங்க, மூக்கைச் சிந்தினாலுங்க, மாட்டைத் தொட்டாலுங்க, ராசா!"

"எப்படி?"

அவ்வளவுதான். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் இல்லாத சொம்பைச் சாய்த்தார்கள். இல்லாத சாம்பலைத் தொட்டார்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒன்று விடாமல் தேய்த்தார்கள். பிறகு விசிறி உதறினார்கள். முன்னால் நின்ற ஒரு பொடியன் தன்மேல் தண்ணீர் தெறித்ததுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ராசாவுக்குச் சிரிப்பு முட்டியது. ராயர் விடவில்லை. "பார்த்தீர்களா! எல்லாம் தெரிகிறது, ஆனால் கழுவுவதில்லை. இது அறியாமை இல்லை மகாராஜா, திமிர்!"

"ஆமாம், திமிர்தான். பூட்டுங்கள்!"

மந்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரோரம் ஒரு பானை கவிழ்ந்து கிடந்தது; மேலெல்லாம் சிலந்தி வலை. "தண்ணி எங்கே?" என்று வாத்தியார் காதில் கேட்டார். வாத்தியார் ராயரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பூவாத்தா மட்டும் மோவாயால் வேலிக்கு அந்தப்பக்கம் காட்டினாள். அங்கே ரோஜாச் செடிகள் நனைந்து பளபளவென்று நின்றன.

மந்திரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"பூட்டலாம் மகாராஜா. ஆனால் பசி வேளை. சாப்பிட்டுவிட்டுப் பூட்டினால் பூட்டு ஓடியா போய்விடும்?" என்றார். ராசாவோடு வந்திருந்த சமையல்காரனிடம் போய், "தேனும் வெல்லப்பாகும் தாராளமாக ஊற்று. நம்மோடு வந்த தண்ணீர் வண்டியை அரண்மனைக்குத் திருப்பிவிடு" என்று கிசுகிசுத்தார்.

புளியமரத்தடியில் இலை போட்டார்கள். ராயர் எல்லார் கையிலும் இரண்டு சொட்டுப் பன்னீர் தெளித்தார். "பெரிய மனிதர்களுக்கு இது போதும்!"

அதிரசம் பாகில் மிதந்தது. மாம்பழம் தேனில் மிதந்தது. ராசா முழங்கை வரை வழித்துச் சாப்பிட்டார். பிறகு பார்த்தால் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. மீசையைத் தடவினார், கை மீசையோடு நின்றுவிட்டது. ஈ வந்தது. தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணீர்!"

"இந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன உண்டோ அதுதான் மகாராஜா" என்று மந்திரி கவிழ்ந்த பானையைக் காட்டினார்.

"ராயரே, பன்னீர்!"

செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தும் சொட்டில்லை. பிசுபிசுப்புத் தாங்காத ராசா கையைக் கையோடு தேய்க்க ஆரம்பித்தார். பிள்ளைகள் ஆர்வமாகக் கூட்டம் கூடிவிட்டார்கள்.

"நகக்கண்ணை விட்டுட்டீங்க ராசா!"

"கட்டைவிரலுங்க, கட்டைவிரலு!"

"வெறுங்காற்றில் தேய்த்தால் பிசுக்குப் போகுமா?" என்று ராசா கத்தினார்.

பூவாத்தா சொன்னாள், "எங்களுக்கும் போகலைங்க ராசா."

ராசாவின் கை அப்படியே நின்றது. வேலிக்கு அந்தப்பக்கம் நனைந்து நின்ற ரோஜாச் செடிகள் கண்ணில் பட்டன. பிறகு விடுவிடுவென்று வேலியைத் தாண்டினார். கிணற்றடிக் காவலன் வந்தவர் யாரென்று பாராமல் ஈட்டியை நீட்டினான். "ஊர்க்கிணறா இருந்தா என்ன? பூவுக்கு மட்டும்தான் தண்ணி. ஆளுக்குக் கிடையாது. ராயர் உத்தரவு!"

திரும்பிய ராசாவின் பட்டுச் சால்வையில், முதுகுப்பக்கம், தேனில் தோய்ந்த ஐந்து விரல் பளிச்சென்று பதிந்திருந்தது. பின்னால் நின்ற ராயரின் கை மட்டும் சுத்தமாயிருந்தது.

"தெரிந்தும் கழுவாதவன் திமிர் பிடித்தவன் என்றீரே ராயரே! ஊர்க்கிணற்றை மறித்தவனுக்கு என்ன பேர்?"

"ம... மகாராஜா..."

"காவலா, வேலியைப் பிடுங்கு. ராயரே, இனிமேல் மத்தியானம்தோறும் நீரே இறைத்து, நீரே ஊற்றும். கடைசிப் பிள்ளை கைகழுவின பிறகுதான் உமக்குச் சோறு. ஏகம்பா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"சோப்புக்காய் மரம் நாலு நட்டுத் தாருங்கள், போதும்."

"தோப்பே வைத்துக்கொள்!" என்ற ராசா, முதல் வாளியில் மீசையை விடுவித்துக்கொண்டு பல்லக்கேறினார்.

ராயர் மூச்சிரைக்க இறைத்தார். பிள்ளைகள் வரிசையில் நின்று, இந்தமுறை நிசமான தண்ணீரில், முழங்கை வழிய வழியக் கழுவிச் சோற்றுக்கு ஓடினார்கள். திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்த மந்திரி, இலையில் மிஞ்சிய அதிரசம் ஒன்றை எடுக்கக் கைநீட்டினார்.

"மந்திரி ஐயா! நீங்க கழுவினீங்களா?" இடுப்பில் கைவைத்துக்கொண்டு பூவாத்தா.

மந்திரி அசடு வழிந்தார். கழுவினார். நகக்கண்ணைக் காட்டினார். அவள் இரண்டு கையையும் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "வேட்டியில துடைச்சிராதீங்க, மறுபடி அழுக்காயிரும்" என்று சொல்லிச் சோற்றுக்கு ஓடினாள்.

அதிரசத்தையும் மறந்து, ஈரம் சொட்டும் இரண்டு கையையும் ஆகாசத்தில் தூக்கிப் பிடித்தபடியே, மந்திரி ஏகம்பன் அரண்மனைப் பாதையில் நடையைக் கட்டினார்.