இருபது நாள் கட்டு

வைகைக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஒரு ஊர். அங்கே முதியவர்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருந்தார். பெயர் தில்லைநாயகி, வயது முப்பத்தெட்டு. அவரிடம் ஒரு சீடர் இருந்தார். சீடருக்கு வயது எழுபத்தொன்று.

சீடர் பெயர் அம்பலவாணர். கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் உயிரணுப் பாடம் நடத்தியவர். ஒரு செல் எத்தனை முறை பிரியும், எப்போது களைத்து நின்றுவிடும், நின்ற பிறகு அக்கம்பக்கத்துச் செல்லை எப்படிக் கெடுக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பின் ஒருநாள் தில்லைநாயகி முன்னால் வந்து நின்றார்.

"மூப்பைப் பத்தி நிறையப் படிச்சிருக்கேன்மா. மூத்தவங்க பக்கத்துல உக்காந்து பார்த்ததில்ல. கத்துக் குடுங்க."

அன்றிலிருந்து மருத்துவரின் மேசைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு முக்காலி. 'குருவே' என்று அழைப்பார். கேலியாக ஆரம்பித்ததுதான். கேட்டதை எல்லாம் எழுதிக்கொண்டே போனதில் கேலி எங்கேயோ உதிர்ந்துவிட்டது, குரு மட்டும் நின்றது.

அப்புறம் மூப்பு அவர் கண்ணிலேயே வந்து உட்கார்ந்தது. வலது கண்ணின் நடுவில் ஒரு கருப்பு. எதிரே நிற்பவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. இப்போது இடது கண்ணிலும் சன்னல் கம்பி வளைந்து தெரிந்தது.

"கண்ணுக்குள்ள ஊசி போடணும் ஐயா" என்றார் தில்லைநாயகி. "மாசம் ஒண்ணு. பிந்தினா இடது கண்ணும் வலது கண்ணு மாதிரி ஆயிரும்."

"போட்டா கெட்டுப்போன செல் புதுசாகுமா?"

"ஆகாது."

"மூப்பு நிக்குமா?"

"நிக்காது. கசியிற ரத்தக்குழாய் அடங்கும். இருக்கிற பார்வை இருக்கும்."

"எத்தனை மாசம்?"

"போகப்போக இடைவெளி விடலாம். ஆனா விட்டுர முடியாது."

அம்பலவாணர் சிரித்துவிட்டார்.

"ஓட்டைப் பானைக்கு மெழுகு அடைக்கிறதுக்குப் பேரு வைத்தியமா குருவே? என்னை விட்டுருங்க."

குரு மேசை மேலிருந்த வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பின்னால ஏறுங்க."

ஸ்கூட்டர் ஒரு கொடிக்கால் வாசலில் நின்றது. உள்ளே வரிசை வரிசையாக அகத்தி மரங்கள், மரத்துக்கு மரம் வெற்றிலைக் கொடி. அன்று கொடி இறக்கும் நாள். நாலைந்து பெண்களோடு பூவாயி வேலையில் இருந்தாள். அவள் மாமியாருக்குத் தில்லைநாயகிதான் மூட்டு வைத்தியம் பார்க்கிறார்.

கொடி அகத்தியின் உச்சிக்குப் போனதும் இலை சிறுத்துவிடும். அப்போது கொடியை அவிழ்த்துக் கீழே இறக்குவார்கள். முற்றிய தண்டைச் சுருட்டி மண்ணுக்குள் வைத்து மூடுவார்கள். நுனியை மட்டும் வெளியே விட்டு மறுபடி மரத்தோடு கட்டுவார்கள். மண்ணுக்குள் கணுவுக்குக் கணு வேர் விடும். கிழட்டுக் கொடி குமரியாகிவிடும்.

அம்பலவாணருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா குருவே, இதுல்ல வைத்தியம்! ஏம்மா பூவாயி, என்னையும் இப்படி இறக்கிக் கட்டேன்!"

"அதுக்கென்ன வாத்தியாரய்யா, கட்டிருவோம். கழுத்து வரைக்கும் மண்ணுல வைக்கணும். ஒரு நாளைக்கு ரெண்டு தண்ணி. சம்மதமா?"

"காலைத் தண்ணிய மட்டும் காப்பியா ஊத்து. சம்மதம்."

பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"கட்டச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு கட்டிப் பாருங்க ஐயா" என்றார் தில்லைநாயகி.

பூவாயி வாழை நார் ஒன்றை நீட்டினாள். அவர் நாரை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து பக்குவமாக முடிச்சுப் போட்டார். பெருமையோடு நிமிர்ந்தார். கொடி சரிந்து தரையில் விழுந்தது. அவர் திரும்ப முயன்றார், முடியவில்லை. தோளில் கிடந்த துண்டு மரத்தோடு இழுத்தது.

"அய்யய்யோ, துண்டையில்ல கட்டிப்புட்டீங்க!" பூவாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும் வாத்தியாரய்யா. துண்டு துளிர் விட்டதும் சொல்லியனுப்புறேன்."

எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் அம்பலவாணர்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டே முடிச்சை விரலால் தடவினார்.

"கொடின்னுதான் நெனச்சேன்" என்றார். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பூவாயி துண்டை அவிழ்த்துவிட்டாள். சரிந்த கொடியைத் தூக்கி நிறுத்தி, இறுக்காமல் ஒரு கட்டுப் போட்டாள். அம்பலவாணர் அதையும் தடவிப் பார்த்தார்.

"இது எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"இருபது நாளு."

"அவ்வளவுதானா? அப்புறம்?"

"கொடி வளந்துரும்ல? தலை தொங்கும். மேல ஒரு கட்டு."

"அப்புறம்?"

"அதுக்கு மேல ஒரு கட்டு."

"ஒரேயடியா இறுக்கிப் போட்டுட்டா?"

"நெரிஞ்சு போகும் வாத்தியாரய்யா."

அடுத்த வரிசையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஊசி என்னைக்கு?"

"வியாழக்கிழமை. மதுரையில. நான்தான் கூட்டிட்டுப் போவேன்."

"அடுத்த மாசம்?"

"அப்பவும் நான்தான்."

"அதுக்கடுத்த மாசம்?"

தில்லைநாயகி வாசலுக்கு வந்து வண்டியைக் கிளப்பிவிட்டுச் சிரித்தார். அம்பலவாணர் ஏறவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் குருவே. ஊசியால கண்ணு சரியாகாதுன்னு மட்டுந்தான் வேண்டாம்னு சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க. மாசாமாசம் ஒரு கிழவனைத் தூக்கிக்கிட்டு அலையணும். இன்னைக்குச் சிரிக்கிறீங்க. ஒருநாள் உங்களுக்குச் சலிச்சுராதா?"

தில்லைநாயகி வண்டியை அணைத்தார். உள்ளே பூவாயி அடுத்த நாரை உருவிக்கொண்டிருந்தாள். குரு அவளைப் பார்த்தார், பிறகு சீடரைப் பார்த்தார்.

"ஏறாத கொடிக்குக் கட்டுறவங்களுக்குத்தான் ஐயா சலிக்கும். நீங்க ஏறுங்க."