கொள்ளு காயும் சாலை

"குருவே, நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுறவன் இல்லை. எல்லாத்தையும் தூரத்திலேயே பாத்துடறேன். பாத்தும் நேரா அதுலயே போய் விழறேன். என்ன கிரகசாரமோ!"

தணிகாசலத்தின் இடது கையில் மாவுக்கட்டு பிரித்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தெட்டு. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷம் கம்பத்திலிருந்து விழாத மனுஷன், சைக்கிளிலிருந்து மூன்று தடவை விழுந்துவிட்டார்.

குரு என்றால் தாடி வைத்தவர் இல்லை. பூங்கோதை, முப்பத்தொரு வயது. தமிழ்நாட்டைச் சைக்கிளிலேயே நாலு சுற்று சுற்றி வந்தவள். அவர் 'குருவே' என்று கூப்பிட ஆரம்பித்தது கேலிக்குத்தான். மூன்றாவது தடவை விழுந்ததும் கேலி போய்விட்டது.

"எதுல எதுல விழுந்தீங்க?"

"முதல்ல நாய். அப்புறம் பெயின்ட் அடிக்காத வேகத்தடை. கடைசியா ரோட்டோரக் கல்லு."

அவள் அவருடைய சைக்கிளின் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை சைக்கிள்லயே ராமேஸ்வரம் கிளம்பணும். இன்னொரு தரம் விழுந்தா கை உருப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க போகச் சொன்னா போறேன். வேண்டாம்னா சைக்கிளை வித்துடறேன்."

சொல்லிக்கொண்டே சைக்கிள் சீட்டைத் தடவினார். ஆசை அப்படி.

"வாங்க" என்றாள்.

ஊரைத் தாண்டி நாலு கிலோமீட்டர் சைக்கிளில் போனார்கள். பாதி ரோட்டில் கொள்ளு காயப் போட்டிருந்தார்கள். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் தலையளவுக் கற்கள். எதிர்ப்பக்கம் தார் பெயர்ந்து பெரிய பள்ளம். தணிகாசலம் பார்த்ததுமே இறங்கிவிட்டார்.

மாதம்மா என்கிற அம்மாள் காலால் கொள்ளை அளைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க போய்ச் சாப்டுட்டு வாங்க. ஆடு வராம சார் பாத்துக்குவார்" என்றாள் பூங்கோதை.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. யோசனை கேட்க வந்தவனைக் காவலுக்கு உட்கார வைக்கிறாளே!

"ஆட்டை விரட்டுங்க. மிச்ச நேரம் சைக்கிள்ல வர்றவங்க கண்ணை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, பூங்கோதை புளியமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தபால்காரர் வந்தார். வெற்றிலையை மென்றபடி, எங்கேயோ தொலைவைப் பார்த்தபடி, தன் பாட்டுக்குப் போய்விட்டார்.

புல்லுக்கட்டோடு ஒருத்தி வந்தாள். அவளும் அப்படியே போனாள்.

அப்புறம் ஒருவர். தலையில் ஹெல்மெட், கையில் உறை, புது சைக்கிள். ஐம்பது அடிக்கு முன்னாலேயே கல்லைப் பார்த்துவிட்டார். பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

"சார், கல்லு! கல்லு!" என்று கத்தினார் தணிகாசலம்.

அந்த ஆள் ஹேண்டில்பாரை இறுக்கினார். முன்னைவிட உற்றுப் பார்த்தார். நேரே போய் ஏறினார்.

பொத்தென்று விழுந்தார். கொள்ளு நாலாபக்கமும் சிதறியது.

"பாத்துட்டேங்க" என்றார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. "அங்கேர்ந்தே பாத்துட்டேன்!"

தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, பாவம்.

"அடப்பாவி மனுஷா, உன்னை நம்பி விட்டுட்டுப் போனேனே!" என்று மாதம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். விழுந்தவர் மெல்ல எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மரத்தடியில் பூங்கோதை கண்ணைத் திறந்தாள்.

அந்தச் சமயம் ஒரு பெண் வந்தாள். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பால் கேன். ஓட்டக் கற்று ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சைக்கிள் ஆடியது. அவள் கண் பள்ளத்தில் குத்திட்டு நின்றது.

'பள்ளம்!' என்று கத்த வாயெடுத்த தணிகாசலம், கத்தாமல் எழுந்து ஓடினார். கல்லையும் பள்ளத்தையும் தாண்டி, அப்பால் நல்ல தாரில் நின்றுகொண்டார். இரண்டு கையையும் தூக்கினார்.

"ஏம்மா! இங்க பாரு! என் மூஞ்சியைப் பாரு! மூஞ்சியை மட்டும் பாரு! நேரா என்கிட்ட வா!"

பைத்தியமோ என்று அவள் அவரையே முறைத்தாள். முறைத்தபடியே மிதித்தாள். சைக்கிள் கோடு போட்டதுபோல் நடுவில் வந்தது. அவர் கடைசி நொடியில் ஒதுங்கினார்.

"பெரிய மூஞ்சி!" என்று திட்டிக்கொண்டே போனாள்.

பால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

பூங்கோதை எழுந்து புடவையிலிருந்த புளியஞ்சருகைத் தட்டிவிட்டாள்.

"திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க?"